கொடியில் போட்ட துணி சரியாகக் காயவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கலாம்

ஒரு கிலோ தண்ணீரைத் துணியிலிருந்து ஆவியாக்க ஏறக்குறைய 0.68 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் வேண்டும். காய்ந்த நிலையில் 5 கிலோ எடையுள்ள துணி, சலவை எந்திரத்திலிருந்து வெளியே வரும்போது சுமார் 3 கிலோ தண்ணீரைச் சுமந்துகொண்டு வரும். ஆக, ஒரு தடவை துவைத்ததைக் காயவைக்க 2 யூனிட் வெப்பம். துணி உலர்த்தும் சாதாரண டிரையர் இதற்கு மேலேயே இழுக்கும். ஹீட் பம்ப் வகை, ஆவியோடு போகிற வெப்பத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்வதால் பாதி மின்சாரத்தில் முடித்துவிடும். கொடிக்கு மின்சாரமே வேண்டாம். தனக்கு வேண்டிய வெப்பத்தைக் காற்றிடமும் வெயிலிடமும் வாங்கிக்கொள்கிறது.

ஆனால் கொடியும் படுத்தும். துணி நாறுகிறது, விறைக்கிறது, வெளுக்கிறது, கொடியே அறுந்து விழுகிறது. எல்லாவற்றுக்கும் வெயிலைத் திட்டுவதுதான் வழக்கம். நான் பார்த்தவரை வெயில் மூன்றாவது குற்றவாளிதான். முதலில் பார்க்க வேண்டியது, துணி கொடிக்கு வந்தபோது அதில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்பது. அடுத்து, துணிகளுக்கு நடுவே காற்று புகுந்து போனதா என்பது. கீழே உள்ளவற்றில் உங்கள் தொல்லை எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம். முதல் ஒன்றை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

கொடியைத் தொட்டால் விரலில் சுர்ரென்று இழுக்கிறது

உடனே கையை எடுங்கள். அதில் கிடக்கும் துணியை எடுக்கவும் போகாதீர்கள். கம்பிக்கொடியில் எங்கோ மின்சாரம் கசிகிறது என்று அர்த்தம். தோல் உரிந்த ஒரு வயர் உரசினாலும் போதும், கம்பி முழுக்கப் பாயும். ஈரத்துணியும் அதைக் கடத்தும். கொடிப்பக்கம் போகாமல் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். தெருக் கம்பி தொட்டுக்கொண்டிருப்பது போலத் தெரிந்தால் உங்கள் மெயினை அணைப்பதால் பயனில்லை. ஒதுங்கி நின்று மின் நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். யாராவது கம்பியோடு ஒட்டிக்கொண்டு நின்றால் அவரைப் பிடித்து இழுக்கக் கூடாது. மின்சாரத்தை நிறுத்துவதுதான் முதல் வேலை.

இதற்கு நிரந்தரத் தீர்வு, வயர் ஓடும் சுவருக்குப் பக்கத்தில் உலோகக் கம்பியே கட்டாமல் இருப்பதுதான். கயிறு கட்டுங்கள். அதையும் மின்கம்பத்திலோ வயர் போகும் குழாயிலோ முடியாதீர்கள். இடி கேட்டால் துணி நனைந்தாலும் பரவாயில்லை, அடங்கிய பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

காலையில் போட்டது, சாயங்காலம் ஆகியும் காயவில்லை

துணியைக் கொடியில் போட்டுப் பத்து நிமிடம் கழித்துக் கீழ் ஓரத்தைப் பாருங்கள். அங்கே ஒரு துளி திரண்டு, சொட்டுவதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தால் குற்றம் கொடியில் இல்லை, பிழிந்ததில் இருக்கிறது. ஒழுங்காக ஸ்பின் ஆன துணி சொட்டாது.

நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும் ஸ்பின், துணியின் எடையில் ஏறக்குறைய 70 சதவீதத் தண்ணீரை மிச்சம் விடும். 1400 சுற்றென்றால் 50 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். 5 கிலோ துணிக்கு இந்த வித்தியாசம் ஒரு கிலோ தண்ணீர். அதைச் சுழற்றி எறிவதற்கு ஆகும் மின்சாரம், ஆவியாக்குவதற்கு ஆவதோடு ஒப்பிட்டால் சொற்பம். அதனால் கொடியை நம்பும் வீட்டில் ஸ்பின்னைக் குறைத்து மிச்சம் பிடிப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். துணி தாங்குமானால் முழு வேகத்தில் விடுங்கள்.

முழு வேகம் வைத்தும் சொட்டுகிறதா? கனமான ஒரே போர்வையைத் தனியாகப் போட்டிருப்பீர்கள். அது ஒரு பக்கமாகச் சுருண்டுகொள்ள, எந்திரம் ஆட்டத்துக்குப் பயந்து வேகத்தைக் குறைத்திருக்கும். கூட இரண்டு துண்டைப் போட்டு மறுபடி ஸ்பின் மட்டும் விட்டுப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் தண்ணீர் வெளியேறும் வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். பஞ்சும் நாணயமும் ஊக்கும் அங்கேதான் குடியிருக்கும். (தண்ணீர் புகாத மெத்தை உறை, ரெயின்கோட் மாதிரியானவற்றை மட்டும் ஸ்பின்னில் போடாதீர்கள். உள்ளே தண்ணீர் தேங்கி எந்திரமே தூக்கிப் போடும்.) கையால் துவைப்பவர்கள் பிழிந்த துணியை ஒரு காய்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி மிதித்து எடுத்தால், முறுக்கிப் பிழிந்தும் போகாத தண்ணீர் துண்டுக்குப் போய்விடும்.

சொட்டவில்லை, ஆனாலும் காயவில்லை என்றால் காற்றைப் பாருங்கள். ஈரத்துணியை ஒட்டியே ஈரக் காற்றுப் படலம் ஒன்று நிற்கும். அதைக் காற்று வந்து துடைத்துக்கொண்டு போனால்தான் அடுத்த ஈரம் வெளியே வரும். துணிகள் தோளோடு தோள் உரசித் தொங்கினால் நடுவில் உள்ளவை தங்கள் மூச்சையே மறுபடி சுவாசித்துக்கொண்டிருக்கும். இரண்டு கொடிகளுக்கு நடுவே குறைந்தது ஒரு முழம் விடுங்கள். பல வரிசை போடுவதானால் காற்று வரும் திசையோடு வரிசைகள் ஓட வேண்டும். குறுக்கே போட்டால் முதல் வரிசை காற்றையெல்லாம் வாங்கிக்கொள்ளும், பின்னால் உள்ளவை அதன் நிழலில் நிற்கும். ஒரே வரிசைதான் என்றால் காற்றுக்கு முகம் காட்டிப் போடுங்கள். படுக்கை விரிப்பை நடுவில் மடித்து ஒரே கொடியில் தொங்கவிடுவது பெரிய தப்பு. இரண்டு முகமும் ஒட்டிக்கொண்டு உள்ளே ஈரம் அப்படியே கிடக்கும். இரண்டு ஓரத்தையும் இரண்டு கொடிகளில் மாட்டித் தொட்டில் மாதிரி விடுங்கள்.

இத்தனையும் சரி, வெயிலும் சுள்ளென்று அடிக்கிறது, ஆனாலும் துணி பிசுபிசுவென்றே இருக்கிறது என்றால் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கிறது. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் ஈரத்தைத் தாங்கும். ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் இன்னும் 15 கிராமுக்கு இடமிருக்கிறது. 85 சதவீதமானால் நாலரை கிராமுக்குத்தான் இடம். உங்கள் 3 கிலோ தண்ணீரைச் சுமந்து போக 50 சதவீத நாளில் 200 கனமீட்டர் காற்று போதும், 85 சதவீத நாளில் 670 வேண்டும். காற்று துணிமேல் பட்டுக் குளிர்வதையும் சேர்த்தால் இன்னும் கூடும். இப்படிப்பட்ட நாளில் துணியைப் பாதியாகக் குறைத்து, இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். வெயில் ஏறிய பிறகு ஈரப்பதம் இறங்கும் என்பதால் விடியற்காலையில் போட்டும் பெரிய லாபமில்லை.

மற்றதெல்லாம் காய்ந்தது, ஜீன்ஸின் இடுப்பு மட்டும் ஈரம்

நாலு மடிப்புத் துணி, அதற்குள் பை, அதன்மேல் தையல். வெளியிலிருந்து காற்று எப்படிப் போகும்? உள்புறத்தை வெளியே திருப்புங்கள், பைகளை நாக்கு மாதிரி வெளியே தொங்கவிடுங்கள். பட்டனையும் ஜிப்பையும் திறந்து, இடுப்பை வட்டமாக விரித்து நாலு கிளிப்பில் மாட்டினால் காற்று ஒரு கால் வழியே புகுந்து மேலே வரும். இதே போல உள்ளே ஈரம் தங்கும் தலையணையைப் படுக்கப் போட்டு, மணிக்கு ஒரு தடவை புரட்டித் தட்டுங்கள்.

காய்ந்துவிட்டது, ஆனாலும் ஒரு வாடை

எல்லோரும் கேட்பது இதைத்தான். நனைந்த நாயைப் போல, அழுக்குத் துடைப்பத்தைப் போல ஒரு மக்கிய வாடை. சோப்பை மாற்றினாலும் போகாது, வாசனைத் திரவம் ஊற்றினால் இரண்டும் கலந்து இன்னும் மோசம்.

இதற்குப் பின்னால் இருப்பது ஒரு பாக்டீரியா. மொராக்ஸெல்லா ஒஸ்லோயென்சிஸ் என்று பெயர். ஈரத்துணியில் அது பெருகும்போது வெளிவிடும் ஓர் அமிலம்தான் அந்த வாடைக்குக் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-ல் எழுதினார்கள். துவைத்தபிறகும் இது இழைக்குள் தங்கிவிடும். மெதுவாகக் காய்கிற ஒவ்வொரு மணி நேரமும் அதற்கு விருந்து.

வாடை எப்போது வருகிறது என்பதை வைத்துக் காரணத்தைப் பிரிக்கலாம்.

எந்திரத்திலிருந்து எடுக்கும்போதே நாறினால் எந்திரத்தைத் துவைக்க வேண்டும். கதவின் ரப்பர் வளையத்தை விரலால் புரட்டிப் பாருங்கள். கறுப்பாக வழவழப்பு இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. அதைத் துடைத்து, சோப்புப் பெட்டியைக் கழற்றிக் கழுவி, துணி இல்லாமல் அதிகபட்சச் சூட்டில் ஒரு தடவை ஓட விடுங்கள். அடுத்து எப்போதும் கதவைத் திறந்தே வையுங்கள்.

எடுக்கும்போது நன்றாக இருந்து, காய்ந்தபிறகு நாறினால் காய்வதற்கு நேரமாகியிருக்கிறது. மேலே ‘சாயங்காலம் ஆகியும் காயவில்லை’ என்ற பகுதிக்குத் திரும்புங்கள். துவைத்து முடித்த துணி எந்திரத்துக்குள்ளேயே எத்தனை மணி நேரம் கிடந்தது என்றும் மனசாட்சியைக் கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கி, காலையில் எடுப்பவர்களுக்கு இது கட்டாயம் வரும்.

காய்ந்தபோது வாடையே இல்லை, ஆனால் முகம் துடைத்தவுடன் துண்டு நாறுகிறது என்றால் கிருமி உள்ளே குடியேறிவிட்டது. கூடவே சோப்பின் மிச்சமும் இருக்கும். சந்தேகமிருந்தால், துவைத்துக் காய்ந்த துண்டைச் சோப்பில்லாத வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு அலசிப் பாருங்கள். தண்ணீர் பால் போலக் கலங்கி நுரை கட்டினால், நீங்கள் போடும் சோப்பு அதிகம், அலசுவது போதாது. துணி தாங்குமானால் 60 டிகிரியில் துவைப்பது நல்ல மருந்து. இல்லாவிட்டால் ஆக்சிஜன் பிளீச் எனப்படும் சோடியம் பெர்கார்பனேட்டை வெந்நீரில் கரைத்து, பொட்டலத்தில் சொன்ன அளவில், சில மணி நேரம் ஊறவைத்துப் பிறகு துவைக்கலாம். கம்பளிக்கும் பட்டுக்கும் இது ஆகாது. குளோரின் பிளீச்சையும் வினிகரையும் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும்.

வெயில் கிருமியைக் கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் வெளிச்சம் படுகிற மேற்புறத்தில் மட்டும். துண்டின் தடித்த ஓர மடிப்புக்குள் அது போகாது. அதனால்தான் நாற்றம் பெரும்பாலும் ஓரத்தில் ஒளிந்திருக்கும், மோந்து பார்ப்பவர்கள் நடுவில் மோந்து பார்த்துவிட்டு ஏமாந்துபோவார்கள்.

துண்டு அட்டை மாதிரி விறைத்துவிட்டது

பருத்தி முழுதாகக் காய்ந்த பிறகும் இழைகளின் மேல் கொஞ்சம் தண்ணீர் ஒட்டிக்கொண்டே இருக்கும். அதுதான் பசை மாதிரி இழையையும் இழையையும் பிணைத்து விறைக்க வைக்கிறது என்று 2020-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு காட்டியது. டிரையரில் துணி உருண்டுகொண்டே காய்வதால் இந்தப் பிணைப்பு கட்டுவதற்கு அவகாசமில்லை. கொடியில் அசையாமல் தொங்கினால் கட்டிக்கொள்கிறது.

ஆகவே மருந்தும் அசைவுதான். போடும்போது துண்டின் இரண்டு முனையைப் பிடித்துப் படாரென்று பத்து உதறு. முக்கால் காய்ந்ததும் இன்னொரு தடவை. எடுக்கும்போது கடைசியாக ஒன்று. காற்றோட்டமான இடத்தில் போட்டால் பாதி வேலையைக் காற்றே செய்யும். உப்புத் தண்ணீரும் மிச்சச் சோப்பும் விறைப்பைக் கூட்டும் என்பதால் சோப்பைக் குறைத்து ஒரு தடவை கூடுதலாக அலசலாம். மென்மையாக்கும் திரவத்தைத் துண்டுக்குப் போடாதீர்கள். தொட்டால் பூ மாதிரி இருக்கும், தண்ணீரை மட்டும் உறிஞ்சாது. எனக்கென்னவோ விறைத்த துண்டுதான் பிடிக்கும், முதுகு தேய்க்க அதற்கு ஈடில்லை.

கொடி தொங்குகிறது, அல்லது கொக்கி சுவரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது

இரண்டும் ஒரே கோளாறின் இரண்டு முகம். ஒரு தடவை நான், தொய்வே இருக்கக்கூடாது என்று கொடியை வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டினேன். பார்க்க அத்தனை அழகு. இரண்டு ஈரப் போர்வையைப் போட்ட அன்றே கொக்கியும், கூடவே கையகலக் காரையும், போர்வையும் தரையில் கிடந்தன. கொக்கி மட்டம் என்று திட்டிவிட்டுப் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மட்டம் என் புத்திதான்.

கணக்கு இதுதான். சுமை கொடி நெடுகச் சீராகப் பரவியிருந்தால், கயிற்றின் இழுவை என்பது சுமையை நீளத்தால் பெருக்கி, தொய்வின் 8 மடங்கால் வகுத்தது. 6 மீட்டர் கொடியில் 15 கிலோ ஈரத்துணி போட்டு, நடுவில் 30 செ.மீ. தொங்க விட்டால் இழுவை 37 கிலோ சொச்சம். அதே சுமைக்கு 10 செ.மீ.தான் தொங்கும்படி இறுக்கினால் 112 கிலோ! பெரிய ஆள் ஒருவர் கொக்கியில் தொங்குவதற்கும் மேல். அதுவும் சுவரிலிருந்து நேராக வெளியே இழுக்கிற திசையில்.

ஆகவே கொஞ்சம் தொங்கட்டும். அழகு வேண்டுமென்றால் நடுவில் ஒரு கவைக்கம்பு கொடுத்துத் தூக்குங்கள். 6 மீட்டர் கொடி, மூன்று மூன்று மீட்டராக இரண்டு பகுதியாகிவிடும், ஒவ்வொன்றிலும் பாதிச் சுமை. 10 செ.மீ. தொய்வுக்கு இழுவை 28 கிலோவாக இறங்கிவிடும், முன்பிருந்ததில் கால் பங்கு. ஒரு கம்பு செய்யும் வேலை இது. கொக்கியைப் பூச்சிலும் செங்கல் இடுக்கிலும் அடிக்காமல், திடமான செங்கல்லிலோ கான்கிரீட்டிலோ ஆங்கர் போல்ட்டாக இறக்குங்கள். கனமான துணி நுனிகளுக்குப் பக்கத்தில், லேசானது நடுவில்.

நாளுக்கு நாள் தானாகத் தொய்ந்துகொண்டே வந்தால் கயிற்றின் ரகத்தைப் பாருங்கள். நைலான் நனைந்தால் நீளும். நார்க்கயிறும் பருத்திக் கயிறும் நனையும்போது இறுகி, காய்ந்தால் தளரும். பாலிப்ரோப்பிலீன் கயிறு மலிவு, லேசு, ஆனால் வெயிலில் நைந்து, தொட்டால் தூள் தூளாகக் கையில் ஒட்டும். அப்போதே மாற்றிவிடுங்கள், அறுந்து விழும்வரை காத்திருக்க வேண்டாம். பாலியெஸ்டர் கயிறு குறைவாக நீளும், வெயிலையும் ஓரளவு தாங்கும். என் ஓட்டு அதற்குத்தான்.

பழுப்புக் கோடு, கறுப்புக் கோடு, கிளிப் தடம்

கறுப்பென்றால் அழுக்கு. போடுவதற்கு முன் ஈரத்துணியால் கொடியை ஒரு இழு இழுத்துத் துடைத்தால் தீர்ந்தது. பழுப்பென்றால் துரு. பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியில் உறை வெடித்த இடத்திலிருந்தோ கிளிப்பின் ஸ்பிரிங்கிலிருந்தோ இறங்கியிருக்கும். வெள்ளைத் துணி என்று அவசரப்பட்டுக் குளோரின் பிளீச் ஊற்றினால் துருக்கறை கெட்டியாக உட்கார்ந்துகொள்ளும். சிட்ரிக் அமிலக் கரைசலைத் தடவிச் சிறிது நேரம் விட்டு அலசுங்கள். சாயத்துணியானால் முதலில் உள்மடிப்பில் சோதித்துப் பாருங்கள். டி-ஷர்ட்டின் தோளில் கொம்பு முளைக்காமலிருக்க, அக்குள் தையலில் கிளிப் போடுங்கள்.

சாயம் வெளுத்தது, வெள்ளை மஞ்சளானது

இங்கேதான் வெயில் உண்மையான குற்றவாளி. புற ஊதாக் கதிர் சாய மூலக்கூறுகளை உடைக்கிறது. உள்புறம் வெளியே தெரியப் போடுங்கள், அல்லது நிழலில் போடுங்கள். நிழலும் காற்றும் சேர்ந்தால் துணி நன்றாகவே காயும். காய்ந்த துணியை மறந்துபோய்ச் சாயங்காலம்வரை விடுவதுதான் பெரிய சேதம். வெள்ளைக் கம்பளியும் பட்டும் வெயிலில் மஞ்சளாகும், ஈரமாக இருக்கும்போது இன்னும் வேகமாக. இழுபடும் எலாஸ்டேன் கலந்த உடைகளுக்கும் நிழல்தான்.

ஸ்வெட்டர் முழங்கால்வரை நீண்டுவிட்டது

தண்ணீரின் கனம் பின்னலை இழுத்துவிட்டது. மறுபடி நனைத்து, துண்டில் சுருட்டி அழுத்தி, பழைய அளவுக்குக் கையால் கூட்டி, படுக்கவைத்துக் காயவையுங்கள். ஓரளவு திரும்பும்.

நாலு மணிக்குக் காய்ந்திருந்தது, ஏழு மணிக்கு எடுத்தால் ஈரம்

பொழுது சாய்ந்ததும் துணி வானத்தை நோக்கித் தன் சூட்டை விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். பனி அதன்மேல் இறங்கும். பனி இறங்காவிட்டாலும் பருத்தி சும்மா இருக்காது. 65 சதவீத ஈரப்பதத்தில் தன் எடையில் 7, 8 சதவீதத் தண்ணீரைக் காற்றிலிருந்தே வாங்கி வைத்துக்கொள்ளும், ஈரப்பதம் ஏற ஏற இன்னும் கூடும். பாலியெஸ்டர் வாங்குவது 0.4 சதவீதம்தான். அதனால்தான் விளையாட்டு உடை காய்ந்தபடியே இருக்க, பக்கத்தில் துண்டு மட்டும் ஜில்லென்று தொங்குகிறது. வெயில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். காய்ந்ததா என்று உள்ளங்கையில் பார்த்தால் சரியாகத் தெரியாது. தடித்த தையலை மேலுதட்டில் வைத்துப் பாருங்கள், மிச்ச ஈரம் உடனே சொல்லிவிடும்.

பறவை எச்சம், பூச்சி, மகரந்தம்

எச்சத்தை ஈரமாகத் தேய்க்காதீர்கள், பரவும். காயவிட்டுச் சுரண்டிவிட்டுத் துவையுங்கள். மகரந்த ஒவ்வாமை உள்ளவர்கள் வீட்டில் பூக்கும் பருவத்தில் படுக்கை விரிப்பை மட்டுமாவது உள்ளே காயப்போடுவது நல்லது. மடிப்பதற்கு முன் எதையும் ஒரு உதறு உதறுங்கள், சட்டைக் கைக்குள் யாராவது குடியிருக்கலாம்.

துணி பலகையாக உறைந்துவிட்டது

கடுங்குளிர் ஊரில் இது கோளாறே இல்லை. பனிக்கட்டி தண்ணீராகாமலேயே நேராக ஆவியாகிக்கொண்டிருக்கும். காற்று வறண்டிருந்தால் துணி மெதுவாகக் காய்ந்துவிடும். விறைத்து நிற்கும் துணியை மடித்து ஒடித்துக் கூடைக்குள் திணிக்காதீர்கள், இழை முறியும். அப்படியே பலகையாகத் தூக்கி வந்து உள்ளே சாத்தி வையுங்கள், இளகியதும் மிச்ச ஈரத்துக்கு ஒரு நாற்காலி முதுகு போதும்.